அமெரிக்க ஹைஸ்கூல் பாஸ்கெட்பால்: சீசன் முடிந்த பிறகு வரும் எட்டு மாதங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மார்ச் முதல் வாரம். ஜெர்சியைத் துவைத்து மடித்துப் பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த என் மூத்தவன், காரில் ஏறி பெல்ட் போட்டதும் சொன்னான்: "அப்பா, இந்த சீசன் முழுக்க நான் கோர்ட்ல இருந்த நேரத்தைக் கூட்டினா ஒரு முழு கேம் கூட தேறாது."

ஒன்பதாம் வகுப்பு. பள்ளியின் இரண்டாம் நிலை அணியான ஜேவியில் கடைசி நாற்காலி. நான் உடனே என்ன செய்தேன்? டாலஸ் பக்கம் இருக்கும் எந்த அப்பாவும் செய்வதைத்தான். அடுத்த வாரமே, பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய்ப் போட்டி ஆடும் ஒரு டிராவல் டீமில் பணம் கட்டிச் சேர்த்துவிட்டேன். நிறைய ஆடினால் நன்றாக ஆடுவான் என்று கணக்கு. முதல் டோர்னமென்டில் சனி ஞாயிறு சேர்த்து நாலு ஆட்டம். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் பார்க்கிங் ரசீதின் பின்பக்கம் கோடு போட்டு எண்ணினேன். நாலு ஆட்டத்திலும் சேர்த்து அவன் வளையத்தை நோக்கிப் பந்தை எறிந்தது 17 தடவை. இடது கையால் ஒரு தடவை கூட இல்லை. ஹோட்டல், பெட்ரோல், நுழைவுக் கட்டணம் எல்லாம் போக, 17 ஷாட். வீட்டு டிரைவ்வேயில் இரண்டே நிமிடத்தில் எறிந்துவிடலாம்.

ஆட்டம் ஆடுவது வேறு, ஆட்டக்காரனாக வளர்வது வேறு என்று அந்த ரசீதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு மகனோடு மூன்று கோடை, இப்போது இளையவளோடு இரண்டாவது கோடை. நான் கோச் இல்லை. பந்தை எடுத்துப் போடுகிற ஆள். கோச்சுகளிடம் கேட்டது, படித்தது, பட்டுத் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் காலண்டர்

பெரும்பாலான மாநிலங்களில் சீசன் நவம்பரில் தொடங்கி பிப்ரவரி கடைசியில் அல்லது மார்ச்சில் முடிகிறது. மீதி எட்டு மாதத்தை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். நாங்கள் பிரித்த விதம் இது: மார்ச்சில் ஓய்வு. ஏப்ரல், மே மாதங்களில் பழுதுபார்ப்பு. ஷாட்டை மாற்றுவது, இடது கையைப் பழக்குவது, வெயிட் ரூமில் அடித்தளம் போடுவது எல்லாம் அப்போதுதான். ஜூன், ஜூலையில் பழகியதை ஆட்டத்தில் போட்டுப் பார்ப்பது. ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போது ஒரு வாரம் மூச்சு வாங்கல். செப்டம்பர், அக்டோபரில் ஓட்டமும் வேகமும். நவம்பரில் ட்ரைஅவுட், அதாவது பள்ளி அணிக்கான தேர்வு.

பள்ளி கோச் கோடையில் எத்தனை மணி நேரம் பயிற்சி தரலாம், எப்போது தரக்கூடாது என்பதற்கெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் விதி உண்டு. டெக்ஸஸில் யூஐஎல், கலிஃபோர்னியாவில் சிஐஎஃப், நியூ ஜெர்சியில் என்ஜேஎஸ்ஐஏஏ என்று ஆளுக்கொரு அமைப்பு. "கோச் ஏன் என் பையனைக் கூப்பிட்டுச் சொல்லித் தர மாட்டேன் என்கிறார்" என்று கோபப்படுவதற்கு முன்னால் உங்கள் மாநில விதியைப் பாருங்கள். பாதி நேரம் அவர் கையைக் கட்டியிருப்பது அதுதான்.

படி 1: பந்தை அலமாரியில் வையுங்கள்

இரண்டு வாரம், முடிந்தால் மூன்று. நம் வீடுகளில் இதுதான் ரொம்பக் கஷ்டம். சும்மா இருக்கும் பிள்ளையைப் பார்த்தால் நமக்குக் கை அரிக்கும்.

ஆனால் முட்டி சும்மா இருப்பதில்லை. வளரும் வயதில் முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள். நாலு மாதம் மரத்தரையில் குதித்த பிள்ளைகளுக்கு அது சகஜம். சீசன் நடுவில் வலியைச் சொன்னால் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில்தான், "உண்மையைச் சொல்லு, எங்கெல்லாம் வலிக்குது?" என்று கேட்டு, தேவைப்பட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். நீச்சல், சைக்கிள், வேறு விளையாட்டு எதுவானாலும் சரி. தடகளமோ வாலிபாலோ இருந்தால் அந்த சீசனிலேயே சேரட்டும். தொழில்முறை லீகான என்பிஏவும் யூஎஸ்ஏ பாஸ்கெட்பாலும் சேர்ந்து வெளியிட்ட இளையோர் வழிகாட்டுதலே, குறைந்தது 14 வயது வரை ஒரே விளையாட்டில் பிள்ளையைப் பூட்டிப் போடாதீர்கள் என்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு என்பதும் அதில் உண்டு.

படி 2: கோச்சிடம் பிள்ளையே போய்க் கேட்கட்டும்

நீங்கள் போகாதீர்கள். மின்னஞ்சலும் அனுப்பாதீர்கள். ஒன்பதாவது படிக்கும் பிள்ளை கோச்சின் அறைக் கதவைத் தட்டிக் கேட்பதே ஒரு பயிற்சி.

கேட்க வேண்டிய கேள்வி "ஏன் என்னை ஆட விடவில்லை?" அல்ல. "அடுத்த வருடம் எனக்கு நிமிடம் கிடைக்க நான் எந்த இரண்டு விஷயத்தில் தேற வேண்டும்?" என்பது. வித்தியாசம் பெரிது. முதல் கேள்விக்கு அவர் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்ப்பார். இரண்டாவதற்கு யோசித்து பதில் சொல்வார்.

என் மகன் ஒரு குறிப்பேட்டோடு போனான். திரும்பி வந்தபோது அதில் மூன்று வரி இருந்தது. இடது பக்கம் போனால் பந்தை விட்டுவிடுகிறாய். டிஃபென்ஸில் நிமிர்ந்து நிற்கிறாய். ஷாட் மெதுவாக வருகிறது, எதிராளி வந்துவிடுகிறான். நான் நினைத்திருந்தது, "உயரம் போதாது" என்று சொல்லியிருப்பார் என்று. உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உயரத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், நம்மவர்கள் எல்லோரும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். 1978ல் நார்த் கரோலினாவின் வில்மிங்டனில், லேனி ஹைஸ்கூலில், பத்தாவது படித்த ஐந்தடி பத்து அங்குலப் பையன் ஒருவனை பள்ளியின் முதல் அணியான வார்சிட்டியில் எடுக்காமல் ஜேவிக்கு அனுப்பினார்கள். உயரமான ஆள் தேவை என்று அவன் வகுப்பிலிருந்தே ஆறடி ஏழு அங்குல லெராய் ஸ்மித்தை எடுத்துக்கொண்டார்கள். ஜேவிக்குப் போனவன் மைக்கேல் ஜோர்டன். அவர் பிறகு வளர்ந்தார், அது வேறு விஷயம். நம் பிள்ளை வளருமா என்பது நம் கையில் இல்லை. அந்த ஜேவி வருடத்தில் அவர் செய்த பயிற்சி அவர் கையில் இருந்தது.

படி 3: இரண்டே இரண்டு

கோச் மூன்று சொன்னாலும் ஐந்து சொன்னாலும், ஏப்ரலில் இரண்டை மட்டும் எடுங்கள். ஒன்று பந்தோடு, ஒன்று உடம்போடு. எங்கள் வீட்டில் அது இடது கையும் கால் பலமும். டிஃபென்ஸில் நிமிர்ந்து நிற்பது சோம்பேறித்தனம் என்று நான் நினைத்திருந்தேன். குனிந்து நிற்கத் தொடையில் பலம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

எண் இல்லாமல் தொடங்காதீர்கள். முதல் நாளே அளந்து, தேதி போட்டு எழுதுங்கள்: ஒரு நிமிடத்தில் இடது கை லேஅப் (வளையத்தை ஒட்டி எழும்பிப் போடுவது) எத்தனை விழுகிறது, 50 ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத எறிதல்) எத்தனை, சுத்தமான புஷ்அப் எத்தனை, கோர்ட்டின் அகலத்தில் போய்வந்து ஓடும் ஓட்டம் எத்தனை வினாடி. நாலு வாரத்துக்கு ஒருமுறை அதே அளவு. தினம் அளந்தால் பிள்ளை எண்ணுக்கு ஆடும், தப்பான முறையில் எண்ணைக் கூட்டும். நான் அந்தத் தப்பையும் செய்தேன்.

படி 4: ஷூட்டிங்

இதில்தான் அதிக நேரம் போகும், போகவும் வேண்டும்.

பிள்ளைகள் ஜிம்முக்குள் நுழைந்ததும் செய்யும் முதல் காரியம், என்பிஏ கோட்டுக்கு வெளியே நின்று எறிவது. என்பிஏ மூன்று புள்ளிக் கோடு நேர் எதிரில் 23 அடி 9 அங்குலம். ஹைஸ்கூல் கோடு 19 அடி 9 அங்குலம். நாலு அடி அதிகத் தூரத்துக்குப் பந்தைத் தள்ள உடம்பு குறுக்குவழி தேடும். பந்தை இடுப்புக்கு இறக்கும், முழங்கையை வெளியே விரிக்கும், இன்னொரு கைக் கட்டைவிரலால் தள்ளும். ஒரு கோடை முழுக்க அப்படி எறிந்தால் அந்தக் குறுக்குவழிதான் பழகும்.

வளையத்துக்கு மூன்று அடியில் தொடங்குங்கள். ஒரு கையால் மட்டும். பந்து விரல் நுனிப் பகுதியில் உட்கார வேண்டும், உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே சின்ன இடைவெளி தெரிய வேண்டும். முழங்கை வளையத்துக்கு நேராக. எறிந்த பிறகு கை அப்படியே மேலே நிற்கட்டும், பந்து வலையைத் தொடும்வரை. பத்து விழுந்தால் ஒரு அடி பின்னே. முதல் பதினைந்து நிமிடம் இதுதான், தினமும். பிள்ளைக்கு சலிக்கும். "இது பேபி ஷாட்ப்பா" என்பான். சலிக்கட்டும்.

பந்து எவ்வளவு உயரமாகப் போக வேண்டும் என்று என் மகனுக்கு விளக்கியது கோச் அல்ல, அவன் கணக்குப் பாடம். வளையத்தின் குறுக்களவு 18 அங்குலம். ஆண்கள் பந்தின் குறுக்களவு ஒன்பதரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பந்து 30 டிகிரி கோணத்தில் தட்டையாக வந்தால், அதற்குத் தெரியும் வாசல் 18ஐ சைன் 30ஆல் பெருக்கினால் வருவது: 9 அங்குலம். பந்தைவிட வாசல் சின்னது. வளையத்தில் இடிக்காமல் நுழையவே முடியாது. 45 டிகிரியில் வாசல் 12.7 அங்குலமாகிறது. இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டிய அன்றிலிருந்து அவன் தட்டையாக எறிவதை அவனே திட்டிக்கொள்ள ஆரம்பித்தான். நம் பிள்ளைகளிடம் இந்த வழி செல்லும்.

ஷாட்டின் அமைப்பையே மாற்ற வேண்டுமென்றால் ஏப்ரலில் செய்யுங்கள், செப்டம்பரில் வேண்டாம். என்பிஏ நட்சத்திரம் ஸ்டீஃபன் கரி கதை இதற்குச் சரியான சாட்சி. பத்தாவது முடித்த கோடையில், இடுப்புப் பக்கத்திலிருந்து எறிந்துகொண்டிருந்த மகனின் ஷாட்டை அப்பா டெல் கரி பிரித்துப்போட்டு, தலைக்கு மேலிருந்து விடும்படி மாற்றினார். டெல் கரியே என்பிஏவில் பெயர் எடுத்த ஷூட்டர். அந்தக் கோடையில் பல வாரம் பெயிண்டுக்கு (வளையத்துக்கு முன்னால் இருக்கும் கட்டம்) வெளியிலிருந்து மகனால் எறிய முடியவில்லை. அழுதிருக்கிறார். பாஸ்கெட்பாலே பிடிக்காமல் போன கோடை அது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மாற்றம் என்றால் முதலில் மோசமாகும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். எண்கள் கீழே போவதைப் பார்த்து மூன்றாவது வாரத்திலேயே பழைய முறைக்குத் திரும்பினால் இரண்டும் கெட்டான்தான்.

அமைப்பு படிந்த பிறகு, மே நடுவில், ஆட்டத்தில் வருவது போன்ற ஷாட்டுக்குப் போங்கள். ஒரே இடத்தில் நின்று 50 எறிந்தால் 35 விழும், மனசு நிறையும். ஆட்டத்தில் ஒரே இடத்திலிருந்து இரண்டு தடவை யார் எறிகிறார்கள்? மூலையில் ஒன்று, ஓடிவந்து ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையான எல்போவில் ஒன்று, பந்தை ஒரு தடவை தரையில் தட்டி நின்று ஒன்று என்று கலந்து எறிந்தால் அன்றைக்கு எண் குறையும், ஆனால் நவம்பரில் கையில் நிற்பது அதுதான். ஐந்து இடம், இடத்துக்குப் பத்து ஷாட், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஓட்டம் உண்டு. எழுதி வையுங்கள்.

ஃப்ரீ த்ரோவை நூறு நூறாக எறிய விடாதீர்கள். 2023-24 முதல் தேசிய ஹைஸ்கூல் விதிப்புத்தகத்தில், ஒரு கால் பகுதியில் எதிரணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ. ஆகவே இரண்டு இரண்டாக. கோர்ட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்து, மூச்சு இரைக்க இரைக்க, இரண்டு. மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு. எங்கள் ஊர்ப் பொது விளையாட்டுக்கூடமான ரெக் சென்டரில் ஒரு ஜூலை மாலை, பத்து ஜோடிக்குப் பதினாறு விழும்வரை வீட்டுக்குப் போவதில்லை என்று அவனே சொன்னான். ஏழேகாலுக்கு ஆரம்பித்தது. பதினைந்திலேயே நின்று நின்று விட்டது. எட்டரைக்கு விளக்கை அணைக்க ஆள் வந்தார். வந்தவர் சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி நின்று கடைசி ஜோடியைப் பார்த்தார். இரண்டாவது பந்து வளையத்தில் இரண்டு சுற்று சுற்றி வெளியே விழுந்தது. "டுமாரோ, சார்," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். காரில் அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த மாதிரி மாலைகளில் அப்பா பேசாமல் இருப்பது உத்தமம்.

படி 5: டிரிப்ளிங், லேஅப், பாஸ்

டிரிப்ளிங்குக்கு, அதாவது பந்தைத் தரையில் தட்டிப் பழகுவதற்கு, தினம் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தவறாமல். முட்டிக்குக் கீழே பலமாக அடிக்கட்டும், கண் மேலே. நீங்கள் எதிரில் நின்று விரல்களைக் காட்டுங்கள், அவன் எண்ணைச் சொல்ல வேண்டும். அல்லது ஒரு டென்னிஸ் பந்தைத் தூக்கிப்போடுங்கள், இன்னொரு கையால் பிடிக்கட்டும். இடது கைக்கு இரண்டு மடங்கு நேரம்.

லேஅப்புக்கு மைக்கன் டிரில்லை மிஞ்சியது இல்லை. 1940களில் டீபால் பல்கலைக்கழகத்தில் கோச் ரே மேயர், கால் பின்னும் கனத்த பையனாக வந்த ஜார்ஜ் மைக்கனைத் தேற்றிய பயிற்சி அது. வளையத்தின் கீழ் நின்று வலப்பக்கம் வலது கை, பந்து விழுந்ததும் தரையைத் தொட விடாமல் பிடித்து இடப்பக்கம் இடது கை, மாறி மாறி. ஒரு நிமிடம். ஏப்ரலில் என் மகனுக்கு 14 விழுந்தது, ஜூலையில் 29. பிறகு முதுகு காட்டி அதையே தலைகீழாக.

பாஸ் பயிற்சிக்கு ஒரு சுவர் போதும்.

டிஃபென்ஸைத் தனியாகப் பழக முடியாது என்பார்கள். பாதி உண்மை. எறியப்போகிறவனை நோக்கி ஓடிப்போய், கடைசி இரண்டு மூன்று அடியைச் சின்னச் சின்னதாக வைத்து, கையை உயர்த்தி, இடுப்பைத் தாழ்த்தி நிற்பதைத் தனியாகவே நூறு தடவை செய்யலாம். பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு ஆட்டத்துக்குள் போக இருக்கும் பக்கக் கதவு அதுதான். நாலு புள்ளி எடுக்கும் ஆள் எல்லா அணியிலும் இருக்கிறான். எதிரணியில் பந்தை நடத்திச் செல்லும் நல்ல கார்டை எரிச்சல்படுத்தும் ஆள்தான் கிடைப்பதில்லை.

படி 6: உடம்பு

"வெயிட் தூக்கினா வளர மாட்டான்" என்று ஊரிலிருந்து பாட்டி போனில் சொல்வார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே, முறையான மேற்பார்வையில் செய்தால் பலப்பயிற்சி வளர்ச்சியைத் தடுக்காது என்று சொல்லிவிட்டது. ஆபத்து எடையில் இல்லை, யாரும் பார்க்காமல் நண்பர்களோடு போட்டி போட்டுத் தூக்குவதில் இருக்கிறது. டெக்ஸஸ் பள்ளிகளில் அத்லெடிக்ஸ் என்று வகுப்பு நேரமே உண்டு; அங்கே கோச் கண்முன்னால் பழகுவது நல்லது.

வாரத்துக்கு மூன்று நாள், அடுத்தடுத்த நாளில் அல்ல. முதல் மாதம் தன் எடையே போதும்: ஸ்குவாட், ஒரு கால் பின்னே வைத்த ஸ்ப்ளிட் ஸ்குவாட், புஷ்அப், கம்பியில் தொங்கி ஏறுவது, ப்ளாங்க், குதிகால் உயர்த்துவது. பதினைந்து ஸ்குவாட்டைக் குதிகால் தூக்காமல், முட்டி உள்ளே சாயாமல் செய்ய முடிந்த பிறகே டம்பெல்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் அறுவது ஆண் பிள்ளைகளைவிட அவர்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலே, குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ. அறுந்தால் அறுவை சிகிச்சை, ஒன்பது மாதத்துக்குக் குறையாத காத்திருப்பு. இதைக் குறைக்கப் பழக்கம் உண்டு. ஓரடி உயரப் படியிலிருந்து குதித்து, சத்தமே வராமல் இரண்டு காலில் இறங்க வேண்டும். நீங்கள் எதிரே உட்கார்ந்து போனில் வீடியோ எடுங்கள். இறங்கும் நொடியில் முட்டிகள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே வளைகிறதா? என் இளையவளுக்கு வளைந்தது. முட்டிக்கு மேல் ரப்பர் பேண்ட் கட்டிப் பக்கவாட்டில் நடப்பது, ஒரு காலில் நிற்பது, குதித்து இறங்குவது என்று பத்து நிமிட வார்ம்அப். எட்டு வாரம் கழித்து எடுத்த வீடியோவில் முட்டி நேராக நின்றது. அவளுக்கு அதில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. எனக்கு இருந்தது.

சாப்பாடு. பயிற்சி செய்யும் உடம்புக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 55 கிலோப் பிள்ளைக்கு 66 முதல் 88 கிராம். இட்லி ஒன்றில் இரண்டு கிராம்தான். இட்லி, சாம்பார் சாதம், தயிர் சாதம் என்று ஓட்டினால் சைவ வீடுகளில் பாதிகூடத் தேறாது. ஒரு கப் கெட்டிப் பருப்பு, பனீர், கிரீக் யோகர்ட், கொண்டைக்கடலைச் சுண்டல், சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை: இவற்றை மூன்று வேளைக்கும் பிரித்து வையுங்கள். பவுடர் டப்பாவுக்கு ஓடத் தேவையில்லை. தூக்கம் எட்டு முதல் பத்து மணி நேரம். போனை இரவு சமையலறையில் வைத்தால் தூக்கம் தானாக வரும்.

படி 7: எவ்வளவு ஆட்டம்?

டிராவல் டீம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏஏயூ என்று பொதுவாகச் சொல்லும் அந்த உலகத்தில் குறிப்பிட்ட சில வார இறுதிகளில் கல்லூரி கோச்சுகள் நேரில் வந்து பார்க்க, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அனுமதிக்கிறது. பதினோராவது படிக்கும், ஏற்கனவே வார்சிட்டியில் முதல் ஐந்தில் இருக்கும் பிள்ளைக்கு அது தேவை. ஒன்பதாவதில் கடைசி நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பணமும் வார இறுதியும் வேறு இடத்தில் அதிகம் விளையும்.

எங்கள் கணக்கு: ஒரு ஆட்டத்துக்கு மூன்று பயிற்சி. பள்ளி அணியின் கோடை லீக் இருந்தால் அதுவே முதல் இடம், ஏனென்றால் நவம்பரில் தேர்ந்தெடுக்கப்போகும் கோச்சின் கண் அங்கே. மற்ற நாளில் ரெக் சென்டரில் பெரியவர்களோடு பிக்அப், அதாவது வந்தவர்களே அணி பிரித்து ஆடும் ஆட்டம். முப்பது வயது ஆட்கள் முட்டிமோதி ஆடுவார்கள், பந்தைத் தர மாட்டார்கள், பிள்ளை கத்திக் கேட்கப் பழகும். அங்கே ஒரு விதி வைத்தோம்: முதல் ஆட்டத்தில் இடது பக்கம் மட்டுமே போக வேண்டும். தோற்றால் தோற்கட்டும்.

ஸ்காலர்ஷிப் கனவு இருந்தால் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹைஸ்கூலில் ஆடும் நூறு பையன்களில் என்சிஏஏவின் ஏதாவது ஒரு நிலையில் ஆடப்போவது மூன்று, நாலு பேர். உச்ச நிலையான டிவிஷன் 1க்கு ஏறக்குறைய ஒருவர். டிவிஷன் 3ல் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. டிவிஷன் 1க்கு 16 மையப் பாடங்களில் 2.3 ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வேண்டும். நம் வீடுகளில் அது பிரச்சினை இல்லை என்பது தெரியும், ஆனால் எந்தப் பாடம் கணக்கில் சேரும் என்பதை ஒன்பதாவதிலேயே கவுன்சிலரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 8: ஊருக்குப் போகும் மாதம்

ஜூன் கடைசியில் டிக்கெட். நாலு வாரம். "கோச் கோவிச்சுப்பார்ப்பா" என்று ஒரு பக்கம், "பேரனைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்று இன்னொரு பக்கம்.

போங்கள். ஜனவரியிலேயே தேதியை முடிவு செய்து, பிள்ளை கோச்சிடம் சொல்லிவிடட்டும். சொல்லாமல் போவதுதான் கோபம் வரவைக்கும். பந்தைக் காற்று இறக்கி, சின்ன பம்போடு பெட்டியில் வையுங்கள். ஸ்கிப்பிங் கயிறும் ரப்பர் பேண்டும் இடம் அடைக்காது. தமிழ்நாட்டில் பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குப் பஞ்சமில்லை, அதற்கு ஒரு காரணமும் உண்டு. 1891ல் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்எம்சிஏ பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடித்த ஆட்டத்தை உலகமெங்கும் கொண்டுபோனது ஒய்எம்சிஏக்கள்தான். 1920ல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கியதும் அதே ஒய்எம்சிஏ. அங்கே படித்த பிடி மாஸ்டர்கள் போன ஊரிலெல்லாம் கம்பம் நட்டார்கள். நான் பள்ளியில் ஆடியதும் அப்படி ஒரு மண் கோர்ட்டில்தான்.

விடியற்காலை ஆறு மணிக்குப் போனால் ஆள் இருப்பார்கள். "தம்பி, எந்த ஊரு?" என்று கேட்டு முதல் நாள் ஓரமாக நிற்க வைப்பார்கள், மூன்றாம் நாள் இழுத்துப்போடுவார்கள். சிமெண்ட் தரை முட்டியை அடிக்கும், அதனால் வாரத்துக்கு நாலு நாள், நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நாலு வாரத்தில் மூச்சு குறையும், கை மறக்காது. மூச்சைச் செப்டம்பரில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

படி 9: செப்டம்பர் முதல் ட்ரைஅவுட் வரை

இனி புதிதாக எதையும் கற்றுத்தராதீர்கள். இருப்பதை வேகமாக்குங்கள். கோர்ட் 84 அடி. நீண்ட தூர மெது ஓட்டம் அதற்கு உதவாது. வேகமாக ஓடி, நின்று, திரும்பி, மறுபடி ஓடுகிற ஓட்டம் வேண்டும். வாரம் இரண்டு நாள் போதும். ஆட்டம் எட்டு நிமிட நாலு கால் பகுதி, ஆகவே எட்டு நிமிடக் கட்டங்களாகப் பிரித்து, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. வெயிட் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறையட்டும்.

அக்டோபர் நடுவில் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தை முடித்துவிடுங்கள். ஒவ்வொரு வருடமும் அது இல்லாமல் முதல் நாளே வெளியே நிற்கும் பிள்ளை இரண்டாவது உண்டு. போன வருடம் அதில் ஒன்று எங்கள் வீட்டுடையது. பழைய ஷூ தேய்ந்திருந்தால் மூன்று வாரம் முன்னாடியே புதியதை வாங்கிப் பழக்குங்கள். ட்ரைஅவுட்டுக்கு முதல் நாள் வாங்கிக் கொடுத்த புது ஷூவில் மகனின் இரண்டு குதிகாலும் கொப்புளம் கண்டு, இரண்டாம் நாள் நொண்டி நொண்டி டிஃபென்ஸ் ஆடியதை நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

கடைசி மூன்று நாள் பாதி நேரப் பயிற்சி. மூன்றடியில் ஒரு கை ஷாட், மைக்கன், இரண்டிரண்டாகப் பத்து ஜோடி ஃப்ரீ த்ரோ. முந்தைய இரவு பருப்பு சாதம். ஒன்பதரைக்குப் படுக்கை, போன் சமையலறையில்.

பள்ளி வாசலில் இறக்கிவிடும்போது நான் சொல்வது ஒன்றே ஒன்று. "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?"